மண் சுவரில் குளிர்ச்சி கண்ட மேதை

வெளியே நெருப்பாய்ச் சுடும் வெயில். மின்சார விசிறி கிடையாது. ஆயினும் வகுப்பறைக்குள் காலை வைத்தால் உடம்பு குளிரும். சுவரும் கூரையும் வெறும் மண்!

இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களைக் கட்டிக் காட்டியவர், எகிப்து நாட்டின் கட்டிடக் கலை நிபுணர் ஹசன் ஃபாத்தி.

இவர் 1900-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி அலெக்சாந்திரியா நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். தகப்பனாருக்கு நிலபுலன்கள் இருந்தன. கெய்ரோவில் கட்டிடக் கலை படித்து, 1926-ல் பட்டம் பெற்றார்.

முதல் வேலை

தால்கா என்ற சிற்றூரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டுவதை மேற்பார்வை பார்க்க வேண்டும். இதுதான் அவருக்குக் கிடைத்த முதல் வேலை. வேலைக்குப் போகும் வழியில் இடிந்த குடிசைகள், சேறு, நாற்றம். அதைக் காணச் சகியாமல் அவர் சுற்று வழியில் போனார். ஆனால் மனசாட்சி சும்மா விடவில்லை. ஏழைகளும் நல்ல கட்டிடத்தில் வாழ வழி என்ன என்று யோசிக்கத் தொடங்கினார்.

ஏழையிடம் இருப்பது மண் ஒன்றுதான். மண்ணைக் குழைத்து, வைக்கோல் கலந்து, வெயிலில் காயவைத்தால் செங்கல் ஆகிவிடும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். சுவர் எழுப்பலாம். கூரைக்கு என்ன செய்வது?

அப்போது இரண்டாவது உலகப் போர் நடந்தது. மரமும் இரும்பும் கிடைக்கவில்லை. மண் கல்லாலேயே வளைவுக் கூரை போட்டுப் பார்த்தார் ஃபாத்தி. அது இடிந்து விழுந்தது!

வழி காட்டிய கொத்தனார்கள்

தெற்கே, அஸ்வான் பக்கத்தில், நூபியர்கள் முட்டுக் கொடுக்காமலே வளைவுக் கூரை கட்டுகிறார்கள் என்று அவருடைய சகோதரர் சொன்னார். 1941-ல் ஃபாத்தி அங்கே போனார்.

நூபியக் கொத்தனார்கள் பின்சுவரில் சாய்த்து முதல் வரிசைக் கல்லை ஒட்டினார்கள். அதன் மேல் சாய்த்து அடுத்த வரிசை. வண்டிக்கூடு போன்ற கூரை தானாக உருவாயிற்று! கூரையைத் தாங்க முட்டு எதுவும் இல்லை. பட்டணத்து நிபுணருக்குத் தெரியாத வித்தை, பட்டிக்காட்டுக் கொத்தனாருக்குத் தெரிந்திருந்தது. அவர்களையே தம் வேலைக்கு அழைத்துக் கொண்டார் ஃபாத்தி.

புதிய குர்னா

லக்சார் நகருக்கு எதிர்க்கரையில், பழங்காலக் கல்லறைகளின் மேல் குர்னா என்ற ஊர் இருந்தது. அங்கு வாழ்ந்த சுமார் 7,000 பேரையும் வேறு இடத்துக்கு மாற்ற சர்க்கார் தீர்மானித்தது. புது ஊர் கட்டும் பொறுப்பு ஃபாத்தியிடம் வந்தது. மசூதி, சந்தை, நாடக மேடை, சிறுவர் பள்ளி, சிறுமியர் பள்ளி எல்லாவற்றுக்கும் அவர் திட்டம் போட்டார்.

பள்ளிக்கூடத்தில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. எகிப்தில் இதமான காற்று வடக்கிலிருந்து வரும். தரையில் புழுதி, உயரத்தில் நல்ல காற்று. ஆகவே, வகுப்பறை மேல் புகைபோக்கி போல் ஒரு கூண்டு எழுப்பி, அதன் வாயை வடக்கு நோக்கித் திறந்து வைத்தார். உள்ளே புகும் காற்று, ஈரமான அடுப்புக்கரி நிரம்பிய தட்டுகளைத் தடவிக்கொண்டு கீழே இறங்கும். வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சும்போது குளிர்ந்துவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். அறையின் வெப்பம் 10 டிகிரி குறைந்தது!

வகுப்பறைகளுக்குக் குவிமாடக் கூரை. அனல் காற்று உச்சிக்கு ஏறிவிடும். பிள்ளைகள் இருக்கும் இடம் குளுமையாக இருக்கும். தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது.

ஆனால் ஊர் மக்களுக்குப் புது ஊர் பிடிக்கவில்லை. பழைய கல்லறைகளைச் சுற்றியே அவர்கள் பிழைப்பு இருந்தது. அதிகாரிகளும் தடை போட்டார்கள். சில ஆண்டுகளில் வேலை பாதியில் நின்றது. ஃபாத்தி மனம் நொந்தார், கொள்கையை விடவில்லை. 1957 வாக்கில் ஃபாரிஸ் என்ற கிராமத்தில், காற்றுக் கூண்டுகளுடன் இன்னொரு மண் பள்ளிக்கூடம் எழுந்தது.

சோதனையில் வெற்றி

மண் கட்டிடம் என்றால் பலர் சிரித்தார்கள். 1964-ல் கெய்ரோவில் ஒரு சோதனை நடந்தது. மண் கல்லால் ஓர் அறை; கான்கிரீட் பலகையால் ஓர் அறை. நடுப்பகலில் கான்கிரீட் அறை 36 டிகிரிக்கு ஏறியது. வெளிக்காற்றை விடவும் அதிகம்! மண் அறை 23 டிகிரியைத் தாண்டவில்லை. மண் சுவரின் கனம் 50 சென்டிமீட்டர். கான்கிரீட் 10 சென்டிமீட்டர்தான்.

தம் அனுபவங்களை ஃபாத்தி புத்தகமாக எழுதினார். 1973-ல் அமெரிக்காவில் வெளியான அந்த நூல் அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. 1980-ல் ஆகா கான் கட்டிடக் கலை விருதுக் குழு அவரைச் சிறப்பித்தது. 1989 நவம்பர் 30-ந் தேதி கெய்ரோவில் காலமானார்.

எல்லா ஊரிலும் மண்ணால் கட்டு என்பதல்ல அவர் காட்டிய வழி. ஈரக் காற்று வீசும் ஊரில் கரித்தட்டு அவ்வளவு பயன் தராது. அங்கே வேறு உபாயம் வேண்டும். கடைக்கால் தோண்டும் முன், அந்த ஊரின் வெயிலையும் காற்றையும் அறிந்துகொள். உள்ளூர்க் கொத்தனாரிடம் கேட்டுக்கொள். பெரிய நிபுணரான ஃபாத்தியே அப்படிக் கேட்டுத்தான் கற்றார்!