ஆசிரியர்களை உருவாக்கிய ஆசிரியர்

விளையாட்டு ஆசிரியராக விரும்பும் மகனை, அது ஒரு வேலையா என்று தடுக்கும் பெற்றோர் எமது ராகலைத் தோட்டங்களிலும் உண்டு. அவர்கள் ஹரி குரோ பக் என்பவரின் வாழ்க்கையைச் சற்றே அறிந்துகொள்வது நலம்.

1884ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே பிறந்த இவர், ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் உடற்கல்வி கற்றார். 1891இல் கூடைப்பந்தாட்டம் பிறந்ததும் அக்கல்லூரியிலேதான். 1919இல் சென்னைக்கு வந்த பக் அவர்கள், தாமே ஊர்தோறும் சென்று விளையாட்டுக் கற்பிப்பதைவிட, கற்பிக்கக்கூடிய ஆசிரியர்களைப் பயிற்றுவதே தேவை எனக் கண்டார். மறுஆண்டே வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஒருசில மாணவருடன் ஆரம்பித்தார்.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய அணியைப் பயிற்றி அழைத்துச் சென்றார். பதக்கம் ஒன்றேனும் கிட்டவில்லை. அதனால் அவர் சோர்ந்துவிடவுமில்லை; நாடு திரும்பிவிடவுமில்லை. மீண்டும் தமது மாணவரிடமே வந்தார். அவரிடம் பயின்றவர்கள் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று, எண்ணற்ற பிள்ளைகளை மைதானத்தில் இறக்கினர்.

1943இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய கல்லூரியோ நூற்றாண்டைக் கடந்து சென்னை நந்தனத்தில் நிலைத்திருக்கின்றது. பெற்றோரே, உங்கள் பிள்ளை இத்தொழிலை நாடினால், மறுக்குமுன் ஒருகணம் அவரை நினைத்துப் பாருங்கள்.