மூன்று மொழிகளில் ஒரு வழக்கு

புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வணிகர்க்கு நெசவாளரிடம் விலை பேசவும் முன்பணம் வழங்கவும் உள்ளூர்த் தரகர் ஒருவர் இன்றியமையாதவராக இருந்தார். 1708ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகரானவர் நைனியப்பப் பிள்ளை. சென்னைப் பெரம்பூரில் வாழ்ந்த தம் மைத்துனர் திருவேங்கடப் பிள்ளையைப் புதுச்சேரிக்கு வரவழைத்தவரும் அவரே. அத்திருவேங்கடத்தின் மகனே பின்னாளில் நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கர்.

நைனியப்பர் பிரெஞ்சு அறியார். அந்நாளில் கடற்கரைப் பட்டினங்களின் வணிகமொழி போர்த்துகீசியம் ஆதலால், கம்பெனியாருடன் அம்மொழியிலேயே அவர் உரையாடி வந்தார்.

தலைமைத் தரகர் கிறித்தவராகவே இருத்தல் வேண்டும் என இயேசு சபைத் துறவியர் வற்புறுத்தினர். 1715இல் சமயக் கட்டுப்பாடுகளை எதிர்த்துத் தொழிலாளர் பலர் நகரை விட்டு வெளியேறினர். அவர்களைத் தூண்டியவர் என்றும் கொடுங்கோன்மை புரிந்தார் என்றும் குற்றம் சாட்டி, ஆளுநர் எபேர் 1716இல் நைனியப்பரைச் சிறையிலடைத்தார்.

விசாரணை பிரெஞ்சு முறைப்படி நடந்தது. 1670இல் பதினான்காம் லூயி மன்னர் பிறப்பித்த குற்றவியல் கட்டளைச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞர் துணையின்றித் தாமே விடையளிக்க வேண்டும். அவர் பிரெஞ்சு அறியாராயின் மொழிபெயர்ப்பாளர் உறுதிமொழி ஏற்று இருதரப்புக்கும் எடுத்துரைப்பார். பதிவேடோ பிரெஞ்சிலேயே எழுதப்படும். ஆளுநர் பிரெஞ்சில் வினவியவற்றைத் தமிழாக்கியவர் மனுவேல். அவர் இயேசு சபையாரிடம் பணிபுரிந்த உபதேசியாரின் மகன்! இருதரப்பும் அறிந்த போர்த்துகீசியம் இருக்க, இந்த இடையாள் எதற்கு என்னும் ஐயம் இயல்பாகவே எழுகிறது. சாட்சியரின் தமிழ் வாக்குமூலங்கள் சில, போர்த்துகீசியத்துக்கு மாறி, அதன்பின் பிரெஞ்சு ஏட்டில் ஏறின.

சட்டச்சொற்களை மொழிபெயர்ப்பது எளிதன்று. பிரெஞ்சில் 'ரெப்ரோஷ்' என்பதற்குப் பொதுவழக்கில் குறைகூறல் என்று பொருள். நீதிமன்றத்திலோ, சாட்சியின் நம்பகத்தன்மையை மறுக்கும் உரிமையை அது குறிக்கும். வாக்குமூலம் படிக்கப்படுவதற்கு முன்பே அவ்வுரிமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் கையாள வேண்டும். பொதுப்பொருளையே கொண்டு ஒருவர் தமிழாக்கினால், கேட்பவர் தம் உரிமையை அறியாமலே இழந்துவிடுவார்.

தீர்ப்பு கடுமையாக இருந்தது: கடைத்தெருவில் ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் தண்டம், உடைமைகள் பறிமுதல். 1717இல் நைனியப்பர் சிறையிலேயே உயிர்நீத்தார்.

அவர் மைந்தரும் உறவினரும் ஓயவில்லை. செயின்ட் மாலோ வணிகரும், இயேசு சபையாரோடு முரண்பட்டிருந்த வேறு மறைப்பணியாளரும் அவர்களுக்குத் துணைநின்றனர். பாரிசுக்குச் சென்ற முறையீடுகள் மொழிபெயர்ப்பு நிகழ்ந்த முறையையும் குறைகூறின. இறுதியில் தீர்ப்பு நீக்கப்பட்டது. எபேர் பதவியிழந்து பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். தந்தையின் பெயரை மீட்கக் கடல்கடந்த மூத்த மகன் குருவப்பர், பாரிசில் திருமுழுக்குப் பெற்று, செயின்ட் மிக்கேல் விருதும் பெற்று, 1722இல் தலைமைத் தரகராகத் திரும்பினார். மதம் மாறிய பின்னரே அப்பதவி அவருக்குக் கிட்டியது என்பதையும் மறத்தற்கில்லை. இரண்டே ஆண்டில் அவரும் மறைந்தார்.

மாமனின் வழக்கு நடந்தபோது ஏழு வயதுச் சிறுவனாக இருந்த ஆனந்தரங்கர், 1747இல் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷி ஆனார். மதம் மாறாமலேயே அப்பதவியில் அமர்ந்த அவர், தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார்.