தாமோதரம்பிள்ளையவர்களின் இளமைக் காலம்

சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1881ஆம் ஆண்டிலேயே தொடங்குவர். வீரசோழியம் அவரால் அச்சேறிய ஆண்டு அது. அதன்பின் இறையனாரகப்பொருள், தணிகைப்புராணம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, இலக்கண விளக்கம், சூளாமணி என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பழந்தமிழ்ப் பதிப்பின் முன்னோடி என அவரைப் போற்றுவதற்கு இவை போதிய சான்று. ஆயினும், 1881இல் அவருக்கு வயது ஐம்பதை அணுகியிருந்தது. உயர்ந்த உத்தியோகத்தில் இருந்து, ஓய்வு பெறுதற்கு ஓராண்டே இருந்த ஒருவர், செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊரூராய் எழுதியும் ஆளனுப்பியும் அலைந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை அவருடைய முதுமையில் இல்லை, இளமையில் உள்ளது.

தொல்காப்பிய வகுப்பைத் தொடங்கும்போது அந்நூல் அச்சேறிய வரலாற்றை முதலிற் சொல்வது என் வழக்கம். ஓராண்டு மாணவி ஒருத்தி, கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தருக்குச் சேனாவரையத்தில் என்ன வேலை என்று வினவினாள். நல்ல வினா. அதற்கு இறுப்பதற்காகவே பிள்ளையவர்களின் இளமை வரலாற்றை நிரல்பட நோக்கினேன். அதனையே இங்கு எழுதுகின்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவில், நீர்வேலிக்கும் புத்தூருக்கும் இடையே கிடப்பது சிறுப்பிட்டி. செம்மண் நிலம், ஆறோ குளப்பாய்ச்சலோ இல்லாமையாற் கிணற்றை நம்பி வாழ்ந்த மக்கள், துலா மிதித்து நீரிறைத்துத் தோட்டம் செய்த குடிகள். இவ்வூரில் வைரவநாதருக்கும் பெருந்தேவிக்கும் மகனாகப் பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு புரட்டாதி மாதம், அஃதாவது செப்டம்பர் 12ஆம் நாள் பிறந்தார். குடும்பம் கிறித்தவம் தழுவியிருந்தது. ஆங்கிலத்தில் அவர் பெயர் சார்ள்ஸ் வின்சிலோ என வழங்கியது. தமிழிலோ சி. வை. என்னும் எழுத்துக்களைச் சிறுப்பிட்டி வைரவநாதர் என விரிப்பது வழக்கம். அவ்விரண்டு எழுத்துக்களிலும் இரண்டு உலகங்கள் பொதிந்திருந்தன. அவற்றை ஒருங்கே சுமந்து நடந்ததே அவருடைய இளமை.

தெல்லிப்பழை அமெரிக்க மிசன் பாடசாலையில் ஆங்கிலம் தொடங்கிய சிறுவர், சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் கேட்டார். கவிராயர் சைவப் புலவர். கிறித்தவ மதத்தை மறுத்து ஞானக்கும்மி பாடியவர். மிசன் பாடசாலை மாணவன் ஒருவன் அவர் முன் ஏடு விரித்திருந்தான் என்பது இன்று நமக்கு வியப்பாகலாம். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் மதம் பற்றிய வாதம் கடுமையாக நடந்தது. எனினும், தமிழ் கற்றற்கு வந்தவனைப் புலவர் விலக்கவில்லை. புலவரிடம் போதற்குப் பெற்றோரும் தடை செய்யவில்லை. இந்தப் பெருந்தன்மை இல்லாதிருப்பின் நமக்குத் தாமோதரம்பிள்ளை இல்லை.

1844இல், பன்னிரண்டு வயதில், வட்டுக்கோட்டைச் செமினறியிற் சேர்ந்தார். அமெரிக்க மிசனார் 1823இல் நிறுவி 1855இல் மூடிய கலாசாலை அது. கணிதம், வானசாத்திரம், பௌதிகம், தருக்கம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அங்கே கற்பிக்கப்பட்டது. எட்டாண்டுகள் அங்கே தங்கி, 1852இல் கல்வியை முடித்து வெளியேறினார். கவிராயரிடம் பெற்றது பாடங்கேட்கும் மரபு: சூத்திரத்தை மனத்திருத்தி, உரையை ஆசிரியர் வாய்வழி அறிவது. வட்டுக்கோட்டையிற் பெற்றது மற்றொரு பழக்கம்: ஒன்றைச் சொல்வோர் யாவராயினும் அதற்குரிய சான்றைக் கேட்பது. இவ்விரண்டனுள் ஒன்றை மாத்திரம் பெற்றோர் அக்காலத்திற் பலர். இரண்டையும் ஒருவரே பெற்றமைதான் பின்னர் பயன்பட்டது.

கல்வி முடிந்த அவ்வாண்டிலேயே கோப்பாயில் ஆசிரியரானார். கோப்பாய் அவருடைய பிறந்த ஊருக்கு அயலது. அங்கே கற்பித்து வந்த காலத்தில், 1854ஆம் ஆண்டு, குமரகுருபரரின் நீதிநெறிவிளக்கத்தை உரையுடன் அச்சிட்டு வெளிப்படுத்தினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. பெரும்பொருளோ பட்டமோ பதவியோ அவரிடம் இல்லை. மாணாக்கர் கையிற் பிழையற்ற நூல் இருத்தல் வேண்டும் என்ற ஆசிரியரின் கவலை மாத்திரம் இருந்தது. பின்வந்த பதிப்புக்கள் எல்லாவற்றிற்கும் வித்து இச்சிறு நூல் என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்தில் முன்பு பணிபுரிந்து சென்னைக்குச் சென்றிருந்த பேர்சிவல் பாதிரியார், தாம் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராக வருமாறு அவரை அழைத்தார். கடல் கடந்து சென்ற இளைஞர், பத்திரிகையை நடத்தியதோடு, சென்னை இராசதானிக் கல்லூரியிலே தமிழ் கற்பிக்கவும் அமர்ந்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அது நடத்திய முதலாவது பீ. ஏ. பரீட்சையிலே தேறியோர் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர், வட்டுக்கோட்டையில் ஆசிரியராயிருந்த கறொல் விசுவநாதபிள்ளை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே பரீட்சைக்கு உடனிருந்து பட்டம் பெற்ற செய்தி, நம் கல்வி வரலாற்றிலே நினைக்கத்தக்கது.

பின்னர்க் கள்ளிக்கோட்டையிற் சிறிது காலம் ஆசிரியர். அதன்பின் சென்னை அரசாங்க வரவுசெலவுக் கணக்குச் சாலையில் உத்தியோகம். 1871இல் சட்டத்துறையிலும் பீ. எல். பட்டம் பெற்றார். இடையே சைவத்துக்கு மீண்டார். உத்தியோகம் அவரைத் தமிழினின்று பிரித்ததா? இல்லை. ஆறுமுக நாவலரவர்கள் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை 1868இல் பதிப்பித்து வெளியிட்டவர் இக்கணக்குச் சாலை உத்தியோகத்தரே.

மாணவியின் வினாவுக்கு விடை இங்கே கிடைக்கின்றது. கணக்குப் பரிசோதகன் செய்வது யாது? ஒரு பதிவை மற்றொரு பதிவோடு ஒப்பிடுகின்றான், ஒவ்வாதவிடத்தை அடையாளமிடுகின்றான், மூலத்தைத் தேடுகின்றான். ஏடு பார்ப்பவன் செய்வதும் அதுவே. ஒரே நூலின் பல பிரதிகளைப் பல ஊர்களிலிருந்து வருவித்து, ஒன்றில் விடுபட்ட அடியை மற்றொன்றிற் கண்டு, எழுத்துப் பிழையையும் பாடபேதத்தையும் பிரித்தறிதல் வேண்டும். ஓலையிலே புள்ளி இடுவதில்லை. ஏகார ஓகாரங்களின் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. அங்கே சான்று கேட்கும் பழக்கம் மாத்திரம் போதாது. சூத்திரம் நாவில் நின்றாலன்றிச் சரியான பாடம் புலப்படாது. கவிராயரும் வட்டுக்கோட்டையும் கணக்குச் சாலையும் அவ்விடத்தில் ஒன்றுகூடின.

குறையில்லாப் பணி என்று யான் சொல்லேன். 1885இல் பொருளதிகாரத்தை முழுவதும் நச்சினார்க்கினியருரை என்றே பதிப்பித்தார். இறுதி இயல்களிற் கண்ட உரை பேராசிரியருடையது எனப் பின்வந்தோர் நிறுவினர். எனினும், அதனை நிறுவுதற்கு அவர்களுக்கு ஓர் அச்சுநூல் கையில் இருந்தது. அதனைத் தந்தவர் இவர். திருத்துவோர் வருதற்கு இடமளிப்பதும் பதிப்பாசிரியர் செய்யும் உபகாரமே.

1882இல் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தார். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணிபுரிந்தார். 1901ஆம் ஆண்டு தை முதலாம் திகதி, சனவரி 1இல், இறைவனடி சேர்ந்தார். அதுவரை கைப்பொருளைச் செலவிட்டே நூல்களை வெளிப்படுத்தினார். ஏடுகள் அழியும் விரைவையும் அச்சிடுவோர் படும் இடரையும் அவர் தம் பதிப்புரைகளிலே மனமுருக எடுத்துரைத்துள்ளார்.

அவ்வுருக்கம் பழங்கதையன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றோடு அரிய ஏடுகளும் போயின. பல பிரதிகளாய் அச்சேறியிருந்தவற்றை வேறிடங்களிலிருந்து மீளப் பெறலாம். ஒரே பிரதியாய் இருந்தவை போனது போனதுதான். பதிப்பு என்பதன் பொருளை அன்று நம்மவர் நெருப்பின் வெளிச்சத்திற் கற்றனர்.

நம் ஊர்களிலே பழைய வீடுகளின் பரண்களிலும் கோயில் மடங்களிலும் ஏடுகளும் சென்ற நூற்றாண்டின் அச்சுப்பிரதிகளும் இன்னும் கிடக்கின்றன. அவற்றைத் தூசு தட்டிப் பார்ப்பதற்குப் பதவியும் முதுமையும் வரும்வரை ஓர் இளம் ஆசிரியர் காத்திருக்க வேண்டியதில்லை. நீதிநெறிவிளக்கத்தை அச்சிட்டபோது பிள்ளையவர்கள் கோப்பாயிலே சம்பளத்துக்குக் கற்பித்த இருபத்திரண்டு வயது இளைஞர், வேறொன்றும் அல்லர்.