நடுக்கத்தைக் கவனித்தவர்: ஜேம்ஸ் பார்கின்சன்

ஜேம்ஸ் பார்கின்சன்னு இணையத்துல தேடினா தாடி வெச்ச ஒருத்தரோட போட்டோ வரும். நம்பிடாதீங்க. அவர் இறந்தது 1824-ல். மனுஷங்களை போட்டோ எடுக்கும் தொழில்நுட்பம் அதுக்கு அப்புறம்தான் வந்தது. அவருடைய உண்மையான உருவப்படம் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.

1755 ஏப்ரல் 11 அன்று லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். அப்பா மருத்துவர், அவரிடமே தொழில் கற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அதே ஊரில்தான் வைத்தியம்.

ஆனா ஆள் சும்மா இருக்கலைங்க! ஏழைகளுக்கும் ஓட்டுரிமை வேணும்னு ஓல்ட் ஹியூபர்ட் என்ற புனைபெயரில் அரசை விமர்சித்து எழுதினார். 1794-ல், மன்னர் மூன்றாம் ஜார்ஜை நச்சு அம்பால் கொல்லச் சதி செய்ததாக அவருடைய நண்பர்கள் கைதானபோது, பிரிவி கவுன்சில் முன் துணிந்து சாட்சி சொன்னார். புதைபடிவங்கள் மேலும் தீராத ஆசை. அதைப் பற்றி மூன்று பாகங்களாகப் புத்தகம் எழுதினார். 1807-ல் லண்டன் புவியியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர்.

1817-ல், 62 வயதில், நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் மொத்தமே ஆறு நோயாளிகள். சிலரைத் தெருவில் சந்தித்து விசாரித்தார், ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. சும்மா இருக்கும்போதே நடுங்கும் கை, முன்னால் வளையும் உடம்பு, நடை தானாகவே ஓட்டமாக மாறுவது... ஸ்கேன் எதுவும் இல்லாமல், கண்ணால் பார்த்தே இத்தனையும் எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து, பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோதான் அந்த நோய்க்கு இவர் பெயரைச் சூட்டினார்.

இங்கே ஒன்றைக் கவனிங்க. அந்த ஆறு பேருமே ஆண்கள்!

இன்றைய கணக்குப்படியும் இந்த நோய் பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம். பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் தாமதமாகவே தொடங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். உடல் அசைவுக்கு டோபமைன் தேவை. அதைச் சுரக்கும் மூளை செல்கள் அழிவதுதான் இந்த நோய். எலிகளில் அந்த செல்களை நச்சுப் பொருளிலிருந்து ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காப்பாற்றியிருக்கிறது. மனிதர்களில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. அதனால் ஹார்மோன் மாத்திரை இந்த நோய்க்கு மருந்தாகவில்லை.

ஒரு விஷயம் மறக்காதீங்க. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. எல்லா நடுக்கமும் பார்கின்சன் கிடையாது, உண்மைதான். ஆனாலும் வீட்டில் பாட்டிக்குக் கை நடுங்கினாலோ, நடை தளர்ந்தாலோ, வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க. தெருவில் போகிற முன்பின் தெரியாதவரையே பார்கின்சன் நின்று கவனித்தார். நம்ம வீட்டில் இருப்பவரை நாம கவனிக்க மாட்டோமா?