மக்கள் தலைவர் சுப்பையா

புதுச்சேரி நகரின் தென்புறத்துச் சாலைக்குச் சுப்பையா சாலை என்று பெயர். அவ்வழியே நாள்தோறும் செல்பவர்களில் அப்பெயருக்குரியவர் யாரென அறிந்தோர் எத்தனை பேர் இருப்பர்? எட்டு மணி நேரம் உழைத்தபின் தொழிலாளி வீடு திரும்பலாம் என்பது இன்று நமக்கு இயற்கை விதிபோல் தோன்றுகிறது. உண்மையில் அது விலை கொடுத்துப் பெற்ற உரிமை. அவ்விலை கொடுக்கப்பட்ட வரலாறே வ. சுப்பையாவின் ஜீவிய சரித்திரத்துக்கு உயிர்நாடியாகும்.

அவர் 1911-ம் வருஷம் பிப்ரவரி 7-ந் தேதி புதுச்சேரியில் பிறந்தார். பிரஞ்சுக் கொடியின்கீழ் வளர்ந்தவராயினும், எல்லைக்கப்பால் எழுந்த சுதந்திரக் கிளர்ச்சியிலேயே அவர் மனம் பற்றி நின்றது. தாழ்த்தப்பட்டோர் தொண்டில் இளமையிலேயே ஈடுபட்டார். 1934 பிப்ரவரியில் காந்தியடிகள் புதுச்சேரிக்கு விஜயம் செய்தபொழுது அதற்காக உழைத்த வாலிபர்களில் அவரும் ஒருவர். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் 'சுதந்திரம்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். பேனாவைக் கையிலெடுத்த சில மாதங்களுக்குள்ளாகவே ஆலை வாயிலும் அவரை அழைத்தது.

அந்நாளில் நகரில் ரோடியர், சவானா, கெப்ளே என மூன்று பஞ்சாலைகள் இருந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவையே ஜீவாதாரம். அத்தொழிலாளரின் நிலையை எண்ணுங்கால் ஒரு விந்தையைக் காண்கிறோம். பிரான்சில் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை 1884 முதலே சட்டமாயிருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலும் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. 1934-ம் வருஷத்துச் சட்டம் நிரந்தர ஆலைகளில் வேலை நேரத்தைப் பத்து மணியாக வரையறுத்தது. இவ்விரண்டுக்கும் நடுவே கிடந்த பிரஞ்சிந்தியத் தொழிலாளிக்கோ சங்கமுமில்லை, நேர வரம்புமில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய ராஜ்யத்தின் சட்டம் கடல் தாண்டி வர மறுத்தது. அந்த அநீதியைத்தான் சுப்பையா தொழிலாளர்க்கு எடுத்துரைத்தார்.

1935-ல் சவானா ஆலையில் வேலை நிறுத்தம் மூண்டு பல வாரங்கள் நீடித்தது. அடுத்த வருஷம் பிரான்சில் லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி சர்க்கார் ஏற்பட்டது. அங்கே தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து போராடி, வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை என்னும் சட்டத்தைப் பெற்றனர். அச்செய்தி புதுவைக்கும் எட்டியது. ஜூலையில் நம் தொழிலாளரும் ஆலைகளை விட்டு வெளியேறாமல் உள்ளேயே அமர்ந்தனர். ஜூலை 30-ந் தேதி சவானா ஆலையில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பன்னிரண்டு தொழிலாளர் மாண்டனர். பாரிஸில் சட்டமாய் மலர்ந்த கோரிக்கைக்குப் புதுவையில் குண்டே பதிலாய் வந்தது.

இத்தகைய துயரங்கள் பலவும் சில நாள் அழுகையோடு மறைந்துபோவதை நாம் அறிவோம். அவ்வாறு மறைய விடாததே சுப்பையாவின் பெருமை. அவர் 1937-ல் பாரிஸ் சென்று, ஆட்சியாளர் முன்னிலையிலேயே தம் மக்களின் வழக்கை வைத்தார். அவ்வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி வெளிவந்த ஆணையால் பிரஞ்சிந்தியத் தொழிலாளர் சங்க உரிமையும் எட்டு மணி நேர வேலையும் பெற்றனர். பிரிட்டிஷ் இந்தியா அவ்வளவு தூரம் அப்பொழுது வந்திருக்கவில்லை. பின்தங்கியிருந்த சிறு நகரம், பன்னிரண்டு உயிர்களைக் கொடுத்து, பெரிய தேசத்துக்கு முன்னே சென்று நின்றது.

அதன்பின் சிறையும் நாடு கடத்தலும் அவரைத் தொடர்ந்தன. 1947-ல் பிரஞ்சுப் பார்லிமெண்டின் மேல் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; பதவி அவரை அந்நிய ஆட்சிக்கு நண்பராக்கவில்லை. 1950-ல் அவரது இல்லம் தீக்கிரையாக்கப்பட்டது. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபொழுது, இருபதாண்டுப் போராட்டத்தின் பயனைக் கண்டார். பிற்காலத்தில் சட்டசபையிலும் மந்திரி பதவியிலும் பணிபுரிந்து, 1993 அக்டோபரில் காலமானார். அவருடைய பொதுவுடைமைக் கொள்கையோடு மாறுபட்டோர் பலருண்டு. ஆனால் தொழிலாளியின் விடுதலையும் தேசத்தின் விடுதலையும் ஒரே போராட்டம் என அவர் வாழ்ந்து காட்டியதை மாறுபட்டோரும் மறுக்கவியலாது.

இன்று அவ்வாலைகளின் சங்கு ஒலிப்பதில்லை. 2020-ல் அவை மூடப்பட்டன. ஆலை ஓய்ந்ததால் வழக்கும் ஓய்ந்துவிட்டதென எண்ணுவோர் ஏமாறுவர். 2023 ஏப்ரலில் அண்டைத் தமிழ்நாட்டின் சட்டசபையிலே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியதையும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அது மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதையும் நாம் கண்டோம். ஒருமுறை பெற்ற உரிமை என்றென்றைக்கும் நம்முடையதென்று உறங்குவோர்க்கு இது எச்சரிக்கை. ஜூலை 30-ல் மாலை சூட்டிக் கலைவது எளிது. அப்பன்னிருவர்க்கும் அவர்தம் தலைவருக்கும் நாம் பட்ட கடன் மாலையால் தீராது. அவர்கள் தேடித் தந்த எட்டு மணி நேரத்தை ஒரு நிமிஷமும் குறையாமல் நம் மக்களிடம் ஒப்படைத்தால்தான் தீரும்.