நகரைக் காத்த பொறியாளர்

மாடமாளிகைகளும் கூடகோபுரங்களும் ஒரு நகருக்கு அழகு தருவன. ஆயின், அந்நகர மக்கள் நோயின்றி வாழத் துணை நிற்பவை, மண்ணுக்கடியில் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்து கிடக்கும் கால்வாய்களே ஆகும். இவ்வுண்மையைத் தம் அரும்பணியால் உலகுக்கு உணர்த்தியவர் ஜோசப் பாசல்ஜெட் என்னும் ஆங்கிலப் பொறியாளர்.

இவர் 1819 ஆம் ஆண்டு, இலண்டனை அடுத்த என்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தையார் கடற்படை அதிகாரி. பாசல்ஜெட் இளமையில் அயர்லாந்து நாட்டில், நிலத்தில் தேங்கும் நீரை வடிக்கும் பணியில் பயிற்சி பெற்றார். பின்னர் இருப்புப்பாதைத் திட்டங்களில் அளவுக்கு மீறி உழைத்து உடல் நலிவுற்றார். நலம் பெற்றபின், 1849 இல் இலண்டன் கழிவுநீர் ஆணையத்தில் பணியேற்றார். 1856 இல் மாநகரப் பணி வாரியம் அமைந்தபோது அதன் தலைமைப் பொறியாளர் ஆனார்.

அக்காலத்து இலண்டன் உலகின் மிகப் பெரிய நகரமாக விளங்கியது. ஏறக்குறைய 25 இலட்சம் மக்கள் அங்கு வாழ்ந்தனர். அவர்தம் வீடுகளின் கழிவெல்லாம் சாக்கடைகளின் வழியே தேம்ஸ் ஆற்றில் கலந்தது. அவ்வாற்று நீரையே பலர் பருகியும் வந்தனர். அதன் விளைவு கொடியதாயிற்று. 1848, 1849 ஆம் ஆண்டுகளில் பரவிய வாந்திபேதி நோய்க்கு 14,000 பேர் இரையாயினர். அந்நோய் மாசடைந்த நீரால் பரவுகிறது என்று ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் எடுத்துக் காட்டினார். எனினும், கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என அறிஞர் பலரும் நம்பியிருந்தனர்.

பாசல்ஜெட் நகர் முழுவதற்கும் ஏற்ற பாதாளச் சாக்கடைத் திட்டம் ஒன்றை வகுத்தார். பெரும்பொருள் வேண்டிய அத்திட்டம் அரசின் இசைவு பெறாமல் காலம் தாழ்ந்தது. 1858 ஆம் ஆண்டுக் கோடையில் வெப்பம் மிகுந்து, தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்கொணாததாயிற்று. ஆற்றங்கரையில் அமைந்த பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சலவைத்தூள் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஏழைகளின் குடிசைகளில் நெடுநாள் இருந்த துன்பம், சட்டம் இயற்றுவோரையும் எட்டியது. பதினெட்டே நாட்களில் சட்டம் நிறைவேறியது. அரசின் பொறுப்புறுதியோடு 30 இலட்சம் பவுன் கடன் பெற்று, நகர மக்கள் செலுத்தும் தனி வரியால் அதனைப் பல்லாண்டுகளில் தீர்க்க வழி வகுக்கப்பட்டது.

1859 இல் பணி தொடங்கியது. பழைய சாக்கடைகளின் நீர் ஆற்றை அடையுமுன், அதனை இடைமறித்துக் கிழக்கே கொண்டு செல்லும் பெருங்கால்வாய்கள் 82 மைல் நீளத்துக்கு அமைக்கப்பட்டன. சரிவான நிலத்தில் நீர் தானே ஓடியது. தாழ்வான இடங்களில் நீராவி எந்திரங்கள் அதனை மேலேற்றின. ஏறத்தாழ 31 கோடியே 80 இலட்சம் செங்கற்கள் இப்பணியில் பயன்பட்டன. சிமெண்டின் தரத்தைக் கடுமையாகச் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும் என்பது பாசல்ஜெட் வகுத்த விதி. பிற்காலத்தில் மக்கள் பெருகுவர் என்பதையும் கணக்கில் கொண்டு அவர் கால்வாய்களை அகலமாக அமைத்தார்.

1866 இல் வாந்திபேதி மீண்டும் தலைகாட்டியது. அது பெரிதும் தாக்கியது, புதிய கால்வாய் அமைப்பு முற்றுப்பெறாத கிழக்கு இலண்டனையே ஆகும். அங்கு 5,000 பேருக்கு மேல் மாண்டனர். திட்டத்தின் தேவையை இத்துயரம் ஐயமற மெய்ப்பித்தது. அதன்பின் அக்கொள்ளை நோய் இலண்டனில் பரவவில்லை.

பாசல்ஜெட் தேம்ஸ் ஆற்றங்கரையில் உறுதியான கற்சுவர்களையும் எழுப்பினார். அவற்றுள் 1870 இல் திறக்கப்பட்ட விக்டோரியா கரையில், மேலே சாலையும் பூங்காவும், கீழே கழிவுநீர்க் கால்வாயும் சுரங்க இருப்புப்பாதையும் ஒருங்கே அமைந்தன.

அவர்தம் திட்டத்திலும் ஒரு குறை இருந்தது. கழிவு தூய்மை செய்யப்படாமலே, நகருக்குக் கிழக்கே ஆற்றில் விடப்பட்டது. அதனால் அப்பகுதி மக்கள் அல்லலுற்றனர். பின்னர்க் கசடைப் பிரித்துக் கப்பல்களில் கடலுக்குக் கொண்டு செல்லும் முறை 1887 இல் தொடங்கப்பட்டது.

1889 இல் ஓய்வு பெற்ற பாசல்ஜெட், 1891 இல் மறைந்தார். மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாந்திபேதி 8,000 பேருக்கு மேல் பலிகொண்டது. இலண்டனோ அதற்குத் தப்பியது. அவர் அமைத்த கால்வாய்கள் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் பயன்பட்டு வருகின்றன. பெருகிவிட்ட நகரின் சுமையைப் பகிர்ந்துகொள்ள, 25 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கக் கால்வாய் 2025 இல்தான் முழுமையாக இணைக்கப்பட்டது.

கெட்ட காற்றை ஒழிக்கவே அவர் காலத்தவர் பொருளைச் செலவிட்டனர். அதனால் நன்னீர் காக்கப்பட்டது, உயிர்கள் பிழைத்தன. பொதுப்பணம் மண்ணுக்குள் புதைந்தாலும் வீணாவதில்லை. அது மக்களின் நல்வாழ்வாக மலர்ந்து, தலைமுறை தலைமுறையாகப் பயன் தரும்.