பட்டம் பெறாத பேராசான்

மாறுதிசை மின்னோட்டத்தைப் படிக்கும் எவரும் 'இம்பீடன்ஸ்' என்னும் மின் எதிர்ப்பைச் சந்தித்தே தீர வேண்டும். 1886-இல் அச்சொல்லைப் படைத்தவர் கல்லூரி வாசலையே மிதிக்காதவர் என்றால் வியப்பாக இல்லையா? அவர்தாம் ஆலிவர் ஹெவிசைடு.

1850 மே 18 அன்று இலண்டனின் காம்டன் டவுனில் எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையில் கண்ட காய்ச்சல் அவரது செவித்திறனைக் குறைத்தது. 16 வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. தந்தி இயக்குநராகப் பணியாற்றிய அவர், 1874-இல் வேலையைத் துறந்து பெற்றோர் வீட்டில் அமர்ந்தார். 1873-இல் வெளிவந்த மாக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் நூலை ஆசிரியர் துணையின்றித் தாமே கற்றார். அதன் பல சமன்பாடுகளைச் சுருக்கி, இன்று நாம் படிக்கும் நான்காக்கினார்!

மின் எதிர்ப்பு ஒரே எண்ணில் அடங்குவதன்று. 100 மில்லிஹென்றி சுருள் 50 ஹெர்ட்ஸில் சுமார் 31 ஓம் மறுப்பைக் காட்டும். 1000 ஹெர்ட்ஸில் அதுவே 628 ஓம் ஆகும். மின்தேக்கியிலோ அதிர்வெண் கூடக்கூட மறுப்பு குறையும். காலத்தைச் சார்ந்த வகையீட்டை ஓர் எழுத்தாகக் கருதி, கடினமான சமன்பாடுகளைச் சாதாரண இயற்கணிதமாக மாற்றும் வழியை ஹெவிசைடு வளர்த்தார். அவ்வெழுத்தின் இடத்தில் அதிர்வெண்ணுடன் கூடிய கற்பனை எண்ணை இட்டால் சிக்கலெண் மின் எதிர்ப்பு கிடைக்கும். இன்று கணிப்பொறி, மின்சுற்றின் மாதிரியை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இவ்வகை இயற்கணிதத்தாலேயே ஆராய்கிறது.

தொலைபேசிக் கம்பியில் தூண்டலைக் கூட்டினால் பேச்சு சிதையாது என்று 1887-இல் அவர் காட்டினார். அஞ்சல் துறையின் மின்பொறியாளர் வில்லியம் பிரீஸ் அதனை ஏற்கவில்லை, கட்டுரை தடைப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் அக்கருத்தே சுருள்களாகிப் பொருளீட்டியது. அவரோ வறுமையிலேயே வாழ்ந்தார். 1891-இல் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1925 பிப்ரவரி 3 அன்று டார்க்கி நகரில் மறைந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கணக்கில் ஐயம் எழுந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை. இக்கல்வி நமக்கு உரியதுதானா என்ற அச்சம் என்னைப் போன்ற பலருக்கும் உண்டு. அவ்வச்சத்திற்கு ஹெவிசைடின் வாழ்வே மறுமொழி. அவருக்குக் கிடைக்காத ஆசிரியர்களும் ஆய்வுக்கூடமும் நமக்கு வாய்த்துள்ளன. நண்பர்களே, இனி நாம் தயங்கலாமா?